உள்ளே ஆள் இருக்கு

என் மணிக்கட்டில் கிடக்கும் கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணும். எல்லை தாண்டினால் அதிரும். அது அதிர்ந்தால் நான் பயப்படுவேன். பயந்தால் துடிப்பு ஏறும். ஏறினால் அது மறுபடி அதிரும். இப்படி நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒருநாள் செம்பூர் பஸ் ஸ்டாப்பில் பாதி தின்ற வடாபாவோடு நான் சாகத் தயாராகிவிட்டேன். மனைவியைப் போனில் கூப்பிட்டு, "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன், ஓடிபி என் போனுக்குத்தான் வரும்" என்று இறுதிச் செய்தியைத் தெரிவித்தேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "சரி, அந்தக் கடிகாரத்தக் கழட்டிப் பைக்குள்ள போடுங்க. வரும்போது புதினா வாங்கிட்டு வாங்க" என்றாள். கழற்றினேன். பிழைத்தேன். புதினாவை மறந்துவிட்டேன், அதற்குத் தனியாக ஒரு படபடப்பு வந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரிச் சுழல்களைப் பிடிப்பதற்குத்தான்.

மும்பை விக்ரோலியில் ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக மருந்து இறக்கும் பம்ப் செய்கிறோம். அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதற்குள் கெர்னல் என்னும் அடிப்படை மென்பொருள். கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு. எது எப்போது ஓடியது என்று பார்க்க வேண்டுமானால் ட்ரேஸர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஒரு காலியிடம் விட்டிருப்பார்கள். ட்ரேஸரை முடுக்கினால் அந்த இடம் ஒரு குறுக்குவழியாக மாறும். ஃபங்ஷனுக்குள் நுழைகிற வேலை, முதலில் ட்ரேஸரிடம் போய்ப் பெயரையும் நேரத்தையும் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

சிக்கல் எங்கே என்றால், பதிவு செய்ய ட்ரேஸரும் ஏதாவது ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதன் வாசலிலும் அதே குறுக்குவழி. அது ட்ரேஸரைக் கூப்பிடும், ட்ரேஸர் மறுபடி அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும், கடைசியில் இயந்திரம் வடாபாவோடு பஸ் ஸ்டாப்பில் உறைந்து நிற்கும். அதைத் தடுக்க ஒரு காவல் உண்டு. ட்ரேஸர் வேலையைத் தொடங்கும்போது ஒரு கொடியை ஏற்றிவைக்கும். கொடி பறக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்தால், 'உள்ளே ஆள் இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடும். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல வருடங்களாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாகரிகமான காவல் பாருங்கள் என்று.

மருந்துச் சொட்டு விழும்போது ஒரு சென்சார் அதைப் பார்த்துவிட்டு, கேபிள் வழியாக ஒரு துடிப்பை அனுப்பும். அந்தக் கேபிளைச் செய்வது தாராவியில் இருக்கும் ஒரு பட்டறை. நடத்துவது என் மனைவியின் தம்பி. நான்தான் கம்பெனிக்கு அறிமுகம் செய்துவைத்தேன். உறவுக்காரர் என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அப்போது அது எனக்கு நேர்மையாகத் தெரிந்தது. இந்த மழைக்காலத்தில்தான் அது எப்பேர்ப்பட்ட இடைஞ்சல் என்று புரிந்தது.

புதிதாக வந்த கேபிள்களைச் சோதித்தார்கள். சோதனை மேசையிலிருந்து துடிப்புகளை அனுப்புவது, பம்புக்குள் எத்தனை வந்து சேர்ந்தன என்று பார்ப்பது. பம்பின் திரையில் தெரியும் எண்ணிக்கையை நம்ப முடியாது. ஒரு சொட்டு விட்டுப்போனால் அது ஊகித்துச் சேர்த்துக்கொள்ளும். நோயாளி புரண்டு படுத்தால் அலறக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் நடுநிலைச் சாட்சியாக ட்ரேஸரை வைத்தோம். துடிப்பு வந்ததும் கெர்னலில் முதலில் ஓடுகிற ஃபங்ஷன் ஒன்று உண்டு. அதன் பெயர் பதிந்திருந்தால் துடிப்பு வந்தது, இல்லாவிட்டால் வரவில்லை. அந்தச் சோதனையை எழுதியவன் அடியேன்.

ட்ரேஸரின் பதிவான ட்ரேஸில் சில வரிகள் குறைந்தன. அதிகமில்லை, ஆனால் மருந்து விஷயத்தில் ஒன்று குறைந்தாலும் குறைந்ததுதான்.

தரப் பிரிவின் தலைவி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் குரல் இன்னும் மென்மையாகும். "பாருங்கோ, உங்க ட்ரேஸ்தானே சொல்றது. துடிப்பு மேசையிலேர்ந்து கிளம்பறது, உள்ள வந்து சேரலை. நடுவுல இருக்கறது கேபிள் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை கமிட்டி. மாத்தி வாங்கறதுக்குப் புனேக்காரா கேபிள் சாம்பிள் வந்தாச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ" என்றார்.

எனக்குப் பதிலாகக் கடிகாரம் அதிர்ந்தது.

சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் நடந்தேன். மழை பிசுபிசுத்தது. மச்சானின் பட்டறை மாடியில். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித் தலையை மட்டும் நீட்டினால், சால்டரிங் புகைக்கு நடுவே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மச்சான் என்னை மச்சான் என்று கூப்பிடுவதால் அவர்களுக்கு நான் 'மச்சான் சார்'. இந்தப் பட்டத்தை ஆரம்பித்துவைத்தது ஜன்னலோரம் உட்காரும் ஓர் அம்மாள். நாற்பதை ஒட்டிய வயது, நெல்லைப் பக்கம். கேபிள் முனையில் இருக்கும் கனெக்டரின் மிக நுண்ணிய கால்களைப் பற்றவைக்க அவரிடம்தான் கொடுப்பார்கள்.

"மச்சான் சார் மொகம் சரியில்லையே, ராத்தா சோறு போடலியோ?" என்றார் அவர். ராத்தா என்றால் அக்கா; என் மனைவியை மச்சான் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த மாடியில் தனியாக என்று ஓர் இடம் கிடையாது.

"மச்சான், ஒங்க வயரு துடிப்ப முழுங்குதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றேன்.

"வயரு முழுங்குதா? வயருக்கு வாயா இருக்கு?"

"ட்ரேஸ் அப்படித்தான் சொல்லுது."

"அத யாரு எழுதுனா?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர யாரு எழுதச் சொன்னா?"

"நான்தான்."

"நல்லாருக்கும்வே! எங்க ராத்தாவ ஒமக்குக் கட்டிக் குடுத்தோம்லா, இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. எந்தக் கேபிள்களில் வரி குறைந்தது என்று கேட்டார். ஒட்டியிருந்த எண்களைச் சொன்னேன். அவர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். எல்லாம் அந்த அம்மாள் பற்றவைத்தவை. அதில் ஆச்சரியமில்லை, அந்த வேலையை அவரைத் தவிர வேறு யாரும் செய்வதில்லை.

அம்மாள் சால்டரிங் குச்சியை வைத்துவிட்டு வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நடுங்குதான்னு பாருங்க மச்சான் சார். நல்லாப் பாருங்க."

கை சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் நடுங்கினேன்.

மறுநாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு காரியம் செய்தேன். கேபிள் மேல் தவறில்லை என்று காட்ட இன்னும் நிறையச் சாட்சி வேண்டும் என்று, ட்ரேஸரில் ஒன்றிரண்டு ஃபங்ஷன்களுக்குப் பதிலாகக் கண்ணில் பட்டதையெல்லாம் திறந்துவிட்டேன். விட்டுப்போன வரிகள் பல மடங்காயின. சோதனை முடிவுகள் தானாகவே தரப் பிரிவுக்குப் போய்ச் சேருகிற மாதிரி நான்தான் முன்பு கட்டிவைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் மென்மையான குரலில் போன் வந்தது. "உங்க மச்சானுக்கு நீங்க ஹெல்ப் பண்றேளா, இல்லே குழி தோண்டறேளா?" கம்பெனி அன்றே கேபிள் வாங்குவதை நிறுத்திவைத்தது. மச்சான் ஜன்னலோர அம்மாளையும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரையும் இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை வீட்டில் மனைவி என்னோடு பேசவில்லை. பேசாமலே சமைக்கவும் மறுத்ததால் பிரியாணி ஆர்டர் செய்தேன். அது வரவில்லை. எங்கள் செம்பூர் குடியிருப்பில் ஒரு விதி: டெலிவரி ஆட்கள் ஒரு கம்பெனிக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். டி-ஷர்ட்டின் நிறத்தை வைத்து வாட்ச்மேன் கண்டுபிடிப்பார். மழைக்காலத்தில் எல்லாரும் கறுப்பு மழைக்கோட்டில் வருகிறார்கள்; அதைக் கழற்றுவது போர்ட்டிகோவுக்குள் வந்த பிறகுதான். ஒரு மழைக்கோட்டு உள்ளே போயிருந்தது. அடுத்து என் பிரியாணியோடு வந்த மழைக்கோட்டைப் பார்த்து, இவனும் அதே கம்பெனி ஆள்தான் என்று முடிவுகட்டி, "ஆத்மி அந்தர் ஹை", அதாவது உள்ளே ஆள் இருக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். பதிவேட்டில் எழுதினாரா என்றால், உள்ளே விட்டவர்களைத்தான் எழுதுவாராம்.

இறங்கிப் போய் அவரோடு சண்டை போட்டேன். சண்டையில் கடிகாரமும் என் கட்சியில் சேர்ந்து அதிர்ந்தது. மேலே வந்து பிஸ்கட் தின்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பசியும் பயமும் சேர்ந்தால் என் மூளை பிரியாணியைத் தாண்டி யோசிக்காது.

உறைத்தது மறுநாள் காலை, ஆபீசில். குறைந்துபோன வரிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குறையாமல் இருக்கும் வரிகளைப் பார்த்தேன். வேறு ஞானம் எதுவும் இல்லை, குறைந்ததைப் பார்த்தால் மார்பு அடைத்தது, அதனால்தான். எல்லாவற்றையும் திறந்துவிட்டதால் ட்ரேஸில் மற்ற ஃபங்ஷன்களின் பெயர்களும் இருந்தன. ஓர் இடத்தில் துடிப்பைக் கையாளுகிற ஃபங்ஷன் ஓடியிருந்தது. அதற்கு முன்னால் ஓடியே தீர வேண்டிய முதல் ஃபங்ஷனை, அதாவது நாங்கள் சாட்சியாக வைத்த வாசல் ஃபங்ஷனைக் காணவில்லை. கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார், வாசல் வழியாக யாரும் வரவில்லை என்கிற கணக்கு. இன்னும் தேடினேன். வரி குறைந்த ஒவ்வோர் இடத்திலும் அதே கதை. துடிப்பு வந்திருக்கிறது. கேபிள் ஒன்றையும் விழுங்கவில்லை.

அப்படியானால் விழுங்கியது யார்?

இன்டரப்ட் என்பது நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் குறுக்கே புகும் வேலை. சென்சாரின் துடிப்பு அப்படித்தான் உள்ளே வரும். ட்ரேஸர் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்டரப்ட் வரலாம். அது சுழல் இல்லை, நியாயமான புது வரவு. அதனால் சாதாரண வேலைக்கு ஒரு கொடி, இன்டரப்டுக்கு வேறு கொடி என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். எந்தக் கொடியைப் பார்ப்பது என்பதை, 'இப்போது நடப்பது இன்டரப்ட்' என்று கெர்னல் போட்டுவைக்கும் ஓர் அடையாளத்தைக் கொண்டு காவல் தீர்மானிக்கும். ஆனால் இன்டரப்ட் வந்து இறங்குவதற்கும் அந்த அடையாளம் போடப்படுவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லாத ஓர் இடுக்கு. வாசல் ஃபங்ஷன் ஓடுவது அந்த இடுக்கில். அடையாளம் இன்னும் இல்லாததால் காவல் அதைச் சாதாரண வேலை என்று நினைத்துக்கொள்ளும். சாதாரணக் கொடியோ ஏற்கெனவே பறக்கிறது. 'உள்ளே ஆள் இருக்கு.' திருப்பி அனுப்பிவிட்டது. எழுதவில்லை.

ட்ரேஸர் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து இறங்கும் துடிப்புக்கு மட்டும்தான் இந்தக் கதி. நான் ட்ரேஸை அதிகமாக்க அதிகமாக்க, அது மும்முரமாக இருக்கும் நேரமும் கூடியது, தொலைந்த வரிகளும் கூடின. நான் உற்றுப் பார்த்ததே காணாமல் போனதற்குக் காரணம். இந்தக் கோளாறை வெளியுலகில் ஏற்கெனவே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். மருத்துவச் சாதனம் என்பதால் சான்றிதழ் வாங்கிய பழைய கெர்னலையே நாங்கள் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஓடிப்போய்த் தரப் பிரிவு மேடத்திடம் சொன்னேன். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் புரிஞ்சிண்ட வரைக்கும் சொல்றேன். உங்க மச்சானோட கேபிளைக் காப்பாத்த, உங்க டெஸ்டே பொய்னு நீங்களே சொல்றேள். கமிட்டில இதைச் சொன்னா சிரிப்பா."

"சிரிக்கட்டும் மேடம். நான் அதுக்காகவே பொறந்தவன்."

"ஜோக் வேண்டாம்."

எனக்கும் அது ஜோக்காக வரவில்லை. "புனே கேபிளை அதே பம்புல மாட்டுங்க. ட்ரேஸ முழுசாத் திறந்துவிட்டு நீங்களே ஓட்டுங்க. நான் கிட்ட வரமாட்டேன்" என்றேன்.

அவர் ஓட்டினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பைக்குள்ளிருந்து எதையாவது கண்டுபிடிக்குமோ என்று பையைத் தள்ளிவைத்தேன். புனே கேபிளிலும் வரிகள் போகாவிட்டால்? என் கதை கதைதான் என்றாகிவிடும். அந்த மாடியில் எல்லாரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். மனைவி முகத்தில் நான் எப்படி விழிப்பது? கடைசிக் கேள்வி முதலிலேயே வந்தது என்பதுதான் உண்மை.

கதவு திறந்தது. "புனேக்காராளும் நன்னாவே முழுங்கறா" என்றார் மேடம். குரல் கொஞ்சம் உரக்க இருந்தது. அப்பாடா, கோபம் இல்லை.

அந்த இடுக்கில் வருகிற வேலைக்கு ஒரே ஒரு முறை கூடுதலாக அனுமதி கொடுக்கும் தனிக் கொடியைச் சோதனைப் பம்பின் கெர்னலில் சேர்த்தேன். கூடவே யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன்: இனி காவல் யாரைத் திருப்பி அனுப்பினாலும் ஓர் எண் ஏறும். மச்சானின் கேபிள்களை மறுபடி ஓட்டினார்கள். எல்லா வரிகளும் வந்தன. கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சற்று ஏமாற்றம்.

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். ஏணியில் ஏறும்போதே மச்சானிடம் ட்ரேஸர் செய்த தப்பை வாட்ச்மேன், மழைக்கோட்டு, பிரியாணி என்று கதையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அந்த வாட்ச்மேனத்தான் எங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லக் கூட்டிட்டு வந்தீரு?"

"ஆமா."

"பிரியாணி வரலன்னதும் அவன்கிட்ட சண்டைக்குப் போனீரு. எங்க வயர மட்டும் அவன் பேச்சக் கேட்டுத் தள்ளிட்டீரு."

மேலே போய்ப் பார்த்தேன். பக்கத்து ஸ்டூல்காரர் திரும்பி வந்திருந்தார். ஜன்னலோர ஸ்டூல் காலி.

"அவங்க?"

"தாணேல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலைக்குப் போயிட்டாவ. போன் போட்டேன், வரமாட்டேங்காவ. நீரே பேசும்" என்று மச்சான் நம்பரைப் போட்டு என் கையில் திணித்தார்.

"மச்சான் சாரா?" என்றது குரல். பின்னால் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"தப்பு ஒங்க கையில இல்லம்மா. என் மிஷின்ல. இப்போ சரியாயிட்டு. வாங்க, ஒங்க எடம் காலியாத்தான் கெடக்கு."

டேப் சத்தம் நின்றது. "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து என் கையவே பாத்துக்கிட்டு இருக்கேன் சார். டீ ஊத்தும்போது பாக்கேன், பூ கட்டும்போது பாக்கேன். பாத்தா நடுங்குது. பாக்காட்டா நடுங்கலன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுதா. பாக்காம எப்படிப் பத்தவைக்க முடியும்?"

இதைப் பற்றி உலகத்தில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது எனக்குத்தான் தெரியும். கடிகாரம், பஸ் ஸ்டாப், வடாபாவ் எல்லாம் சொல்லத் தயாராக நாக்கு நுனியில் நின்றன. அவரைச் சிரிக்கவைத்திருப்பேன். ஆனால் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடலாம். கையை எங்கே போடுவது?

"ஒங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று மறுபடி அதையே சொன்னேன். "நான் பாத்துட்டேன். எல்லா வரியும் வந்துட்டு."

"சரி சார்" என்றார். "நீங்க சொன்னீயன்னு கைகிட்ட சொல்லிப் பாக்கேன்."

டேப் மறுபடி கிழியத் தொடங்கியது. மச்சான் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜன்னலோர ஸ்டூலில் யாரோ வைத்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.